வெட்டிவேர் தூக்கிய தெரு

அல்லியேரி நகர் நான்காம் குறுக்குத் தெருவில் புது ரோடு போட்ட ஒவ்வொரு முறையும் வீடுகள் ஒரு படி இறங்கின. வீடுகள் இறங்கவில்லை, ரோடுதான் ஏறியது என்று அஞ்சலாட்சி டீச்சர் திருத்துவாள். ஆனால் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலைமேலேயே புது ஜல்லியையும் தாரையும் கொட்டி, உருட்டி, ஆறுவதற்கு முன்பே கிளம்பிப் போகிறவர்கள் போன பிறகு, நேற்றுவரை காலுக்குக் கீழே கிடந்த தெரு இன்று முழங்காலுக்கு நேராக வந்து நிற்பதைப் பார்க்கும்போது, இறங்கியது யார் ஏறியது யார் என்று வாதம் செய்வதில் ஒரு லாபமும் இல்லை.

அஞ்சலாட்சி அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள் கணவர் தேசிங்கு மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். தன் வண்டியில் சரியான சில்லறையோடு ஏறிய ஒரே பெண் என்பதால் அவளைக் கல்யாணம் செய்துகொண்டதாக அவர் சொல்வார்; மீதிச் சில்லறையைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்த ஒரே கண்டக்டர் என்பதால் சம்மதித்ததாக அவள் சொல்வாள். இருவரும் சேர்ந்து, ஏரிக்குப் பக்கத்தில் மனை மலிவாகக் கிடைத்த காலத்தில் வடக்குப் பார்த்த ஒரு வீட்டைக் கட்டினார்கள். அப்போது தெருவிலிருந்து வீட்டுக்கு நான்கு படி ஏற வேண்டும். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இரண்டு படி இறங்க வேண்டும்.

ஐப்பசி பிறந்தால் அரிசி டின் கட்டில் மேல் ஏறும், கட்டில் செங்கல் மேல் ஏறும், பிரிட்ஜ் சாப்பாட்டு மேசை மேல் ஏறும், தேசிங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி, வீட்டுக்குள் வந்த தண்ணீரை, பாஸ் இல்லாமல் ஏறிய பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். போன வருஷம் தண்ணீர் வடிந்தபோது அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு விரால் மீன் கிடந்தது. குழம்பு வைக்கலாம் என்றார் தேசிங்கு. அஞ்சலாட்சி அதைப் பக்கெட்டில் எடுத்துக்கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட்டு வந்து, சேறு படிந்த தரையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் தடவையாக அழுதாள்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கித் தருகிற கூட்டம் ஒன்று வந்து அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்த்தது. அவர்கள் கேட்ட தொகைக்கு வீட்டை விற்றாலும் போதாது. மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் பூவராகன், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர், மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு வெகுநாளாகச் சொல்லி வந்ததையே மறுபடி சொன்னார்: இரண்டு மனையையும் சேர்த்து அடுக்குமாடி கட்டிவிடலாம், அவர்கள் தன்னிடம் விற்றுவிட்டு மகனோடு ஓசூரில் போய் நிம்மதியாக இருக்கலாம்.

அன்று தேசிங்கு சொன்னார்: "வாசக்கால் தாண்டி ஒரு சொட்டு உள்ள வந்தாலும் இந்த வருஷம் கையெழுத்துப் போட்டுடலாம், அஞ்சலை. என்னால இனிமே பிரிட்ஜைத் தூக்க முடியாது."

"வரலைன்னா?"

"வரலைன்னா சாகற வரைக்கும் ஓசூர்னு வாயெடுக்க மாட்டேன்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்தாச்சு. இனிமே திருப்பி வாங்குற வழக்கம் கிடையாது."

அஞ்சலாட்சிக்கு ஓசூர் பிடிக்காமல் இல்லை. மகன் பிடிக்காமலும் இல்லை. தான் நின்றுகொண்டிருக்கும்போது தெரு எழுந்து தன்னை உட்கார வைத்துவிட்டது என்பதுதான் பிடிக்கவில்லை.

சித்திரையில் தங்கை பேத்திக்குக் காது குத்து என்று கடலூர்ப் பக்கம் போனாள். அங்கே கடலோரத்து மணல் கொல்லைகளில் வெட்டிவேர் பயிராகி நின்றது. தங்கை வீட்டுக்காரர் ஒரு தூரைத் தோண்டிக் காட்டினார். மேலே இடுப்பு உயரத்துக்குப் புல். கீழே அதைவிட நீளமாக வேர், பக்கத்தில் எங்கும் பரவாமல், கிணற்றில் இறங்குகிற கயிறுபோல நேரே கீழ்நோக்கி. மழையில் மூழ்கினாலும் அழுகாது, கோடையில் காய்ந்தாலும் சாகாது, விதை உதிர்த்து அடுத்தவன் கொல்லைக்குள் நுழையாது, இந்த மண்ணிலேயே பிறந்த புல் என்று அவர் சொல்லச் சொல்ல, அஞ்சலாட்சி தன் வீட்டு முன்னால் நர்சரியில் வாங்கிப் பதித்து ஒவ்வொரு மழைக்கும் அழுகி ஒவ்வொரு வெயிலுக்கும் கருகும் அந்தக் கம்பளப் புல்லை நினைத்துக்கொண்டாள். திரும்பும்போது ஒரு சாக்கு நிறைய நாற்றோடு பேருந்தில் ஏறினாள். வண்டி முழுவதும் மணத்தது. முன் சீட்டிலிருந்தவர் யாரோ பன்னீர் தெளித்துவிட்டதாக நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நாற்று நடுவதில் அவள் பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலை ஒழுங்கைக் கடைப்பிடித்தாள். கம்பளப் புல்லைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். ஒவ்வொரு நாற்றின் இலையையும் ஒரு சாண் விட்டு வெட்டினாள், வேரை விரல் நீளத்துக்கு நறுக்கினாள், அஸ்திவாரத்தை ஒட்டி நாலு பக்கமும் கயிறு பிடித்து, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில், ஒரு பக்கம் அடர்த்தி ஒரு பக்கம் மெலிவு என்று இல்லாமல் வீட்டைச் சுற்றி ஒரே வரிசையாக நட்டாள். பச்சை பிடிக்கும்வரை தினமும் தண்ணீர் ஊற்றினாள். பிடித்த பிறகு குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினாள். மேலேயே தண்ணீர் கிடைத்தால் வேர் சோம்பேறியாக மேலேயே உட்கார்ந்துவிடும், தாகம் எடுத்தால் கீழே தேடிப் போகும்.

"ஏன் டீச்சரம்மா, விக்கப்போற வீட்டுக்கு எதுக்குத் தோட்டம்?" என்று மதில் மேலிருந்து பூவராகன் கேட்டார்.

"யாரு விக்கப்போறது?"

"அட, நம்ம சார் சொன்னாரே."

"சார் தண்ணி வந்தாத்தான்னு சொன்னாரு. முதல்ல தண்ணி வரட்டும், வந்து என்கிட்ட பேசட்டும்."

ஆடி மாதம் ஒரு காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போன தேசிங்கு, வழக்கம்போல வாசற்படியில் காலைத் தூக்கி வைத்து, அங்கே ஏற வேண்டிய படி இல்லாததால் தடுமாறி, தெருவுக்கு நேராக ஓடிப் போய் நின்றார். திரும்பிப் பார்த்தார். வாசலும் ரோடும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"அஞ்சலை! ரோடு எறங்கிடுச்சு!"

அவள் வந்து பார்த்தாள். தெருவின் மற்ற வீடுகள் அதே பள்ளத்தில்தான் இருந்தன. ரோடு இறங்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், அஸ்திவாரத்தின் ஓரத்தில் மண்ணைக் கையால் விலக்கினாள். அஸ்திவாரக் கல்லுக்கும் தரைக்கும் நடுவே, வெளிர்மஞ்சள் நிறத்தில், பாய் பின்னியதுபோல நெருக்கமாக வேர்கள் நின்றன. கீழே இருந்த வேர் ஊன்றிக்கொள்ள இறுகலான மண் கிடைத்துவிட்டதால், மேலே இருந்த வேர், தடித்து, நிமிர்ந்து, தலையில் இருந்ததைத் தூக்கியிருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. அடுக்கில் இருந்த ஒரு டம்ளர்கூடச் சாயவில்லை.

"வீடுதான் ஏறியிருக்கு," என்றாள்.

"அப்படியா?" என்றார் தேசிங்கு. "அப்ப டீ போடு."

அதன்பிறகு வீடு தினமும் கொஞ்சம் ஏறியது. ஒரு கீரைத்தண்டு ஏறுகிற அளவுக்கு ஏறியது, ஓசையில்லாமல் ஏறியது, வெயிலில் கொஞ்சம் வேகமாகவும் மப்பில் கொஞ்சம் மெதுவாகவும் ஏறியது. குழாய் இழுபட்டதால் பிளம்பர் வந்து ஒரு துண்டு சேர்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் மறுபடி வந்தபோது, இப்படித் துண்டு துண்டாகச் சேர்ப்பதைவிட ஓஸ் குழாயே மாட்டிவிடுகிறேன், வளர வளர அதுவே நிமிர்ந்துகொள்ளும் என்றார். மேஸ்திரி கன்னியப்பன் சிமெண்டில் ஒரு படி கட்டினார். அது காய்ந்து முடிவதற்குள் அடுத்த படிக்கு வேலை வந்துவிட்டது. "வீட்டுக்குப் படி கட்டுறேனா, கொய்யா மரத்துக்கு ஏணி கட்டுறேனான்னே தெரியலை டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே கட்டினார். சிலிண்டர் போடுகிறவர் தோளில் சிலிண்டரோடு கீழே நின்று, போன மாதம் தரைத்தளமாக இருந்த வீடு இந்த மாதம் எப்படி மாடியாகலாம் என்று நியாயம் கேட்டார். வரி போட வந்த வார்டு ஆபீஸ்காரர் இது கீழ்த்தளமா முதல் தளமா என்று வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"முதல் தளம்னா கீழ ஒரு தளம் இருக்கணும்ல, கீழ இருக்கறது புல்லுதானே?" என்றார் தேசிங்கு.

"புல்லுக்கு எங்க சட்டத்துல வரி கிடையாதே," என்று அவரும் ஒத்துக்கொண்டு, பழைய வரியையே எழுதிக்கொண்டு, போகும்போது மனைவி கேட்பாள் என்று இரண்டு நாற்றையும் வாங்கிக்கொண்டு போனார்.

தெருவில் முதலில் நாற்று கேட்டது தையல்கடை ஜெயசீலி. அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் வாடிக்கையாளர்களின் ஜாக்கெட் துணியெல்லாம் சாயம் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவளுக்குப் பிறகு எதிர்வீடு, அதற்குப் பிறகு கடைசி வீடு. ஆவணி முடிவதற்குள், பூவராகன் வீட்டைத் தவிர, தெருவில் புல் இல்லாத வீடு இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அஞ்சலாட்சி தூரைப் பிரித்துக் கொடுத்தாள், கொடுக்கும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நாலு பக்கமும் ஒரே மாதிரி நடணும். எங்கயும் கூட்டாதீங்க, எங்கயும் குறைக்காதீங்க."

தெருவின் பேச்சே மாறிவிட்டது. யார் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டவர்கள் யார் வீடு எத்தனை படி என்று கேட்டார்கள். பெண் பார்க்க வந்த கூட்டம் பெண் வீட்டார் மூன்று படிக்காரர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் அவசரப்பட்டு யூரியா போட்டுத் தண்ணீரும் பாய்ச்சியதில் இலை மட்டும் கூரைவரை வளர்ந்தது, வீடு அசையவில்லை. அவர் வீட்டை மட்டும் தெருப்பிள்ளைகள் குடிசை என்று கூப்பிட்டார்கள். மாலையில் காற்று வீசினால் தெரு முழுவதும் ஈர மண்ணும் வேரும் கலந்த மணம் எழுந்தது. ரோட்டில் போகிற ஆட்டோக்காரர்கள் காரணம் தெரியாமல் வேகத்தைக் குறைத்தார்கள்.

பூவராகன் ஆவணிவரை சிரித்துக்கொண்டிருந்தார். புரட்டாசியில் ஜெயசீலியின் வாசல் தன் வாசலைவிட உயரமாகிவிட்டதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். மனைவி வேதவல்லியை அனுப்பி நாற்று வாங்கி வரச் சொன்னார். எல்லோரையும்விட அதிகமாக, இரண்டு கோணி நிறைய வாங்கினார்.

"நாலு பக்கமும், வேதவல்லி. ஒரே மாதிரி," என்றாள் அஞ்சலாட்சி.

"சொல்றேன் டீச்சர். அவர் காதுல ஏறணுமே."

அவர் காதில் வேறொன்று முன்பே ஏறி உட்கார்ந்திருந்தது. பூவராகன் வாஸ்து பார்க்கிறவர். கடையில் ஒரு பூட்டு விற்றாலும் எந்தத் திசைக் கதவுக்கு என்று கேட்டுத்தான் விற்பார். வாஸ்துப்படி ஒரு மனையில் தென்மேற்கான கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும், வடகிழக்கான ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் ஈசானியத்தை நோக்கி ஓட வேண்டும். வீட்டைத் தூக்குவதற்கு ஒரு புல் தானாக வந்து வாய்த்திருக்கும்போது, அதை எல்லாப் பக்கமும் சமமாக நட்டு அந்த வாய்ப்பை வீணாக்குவது மடத்தனம் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு கோணி நாற்றையும் கன்னி மூலையிலேயே நெருக்கி நட்டார். ஈசானியத்தில் ஒன்றுகூட வைக்கவில்லை. அவர் வீட்டு ஈசானிய மூலை அஞ்சலாட்சியின் மதிலை ஒட்டி இருந்தது.

முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. கழுவிவிட்ட தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு ஈசானியத்துக்கு ஓடியதை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சொம்பு ஊற்றிக் காட்டினார். பிறகு, சாம்பார் இலையின் ஒரு பக்கமாகவே தேங்கியது. பிறகு, சாத்திய கதவுகள் திறந்துகொண்டன, திறந்த கதவுகள் சாத்திக்கொண்டன. பிறகு, ஹாலில் டிவி பார்க்க உட்கார்ந்த பூவராகன் செய்தி முடிவதற்குள் நாற்காலியோடு வழுக்கிக்கொண்டு பூஜை அறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"சாமி கும்பிட நேரமாச்சுன்னு வீடே கூட்டிட்டுப் போவுது, அதிர்ஷ்டம்தான்," என்றாள் வேதவல்லி, தூணைப் பிடித்துக்கொண்டு.

அஞ்சலாட்சி மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வீட்டைப் பார்த்தாள். அது தன் வீட்டுப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, ரகசியம் சொல்ல வருகிறவரைப் போல நின்றது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் ரகசியம் அவள் கூரைமேல் விழும். "பூவராகன், கன்னி மூலையில புல்லை ஒட்ட நறுக்குங்க, மேல நறுக்கினா கீழ வேர் வேகம் குறையும். ஈசானியத்துல நான் நாத்து தரேன், இன்னைக்கே வைங்க. ஒரு மாசத்துல மட்டமாயிடும்," என்றாள்.

"ஈசானியத்தை ஏத்தினா குடும்பம் விளங்குமா டீச்சரம்மா? நீங்க படிச்சவங்க, இதெல்லாம் நம்ப மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு, தப்பு தன் மூலையில் இல்லை, புல்லில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனைக் காலி மனையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் கூட்டினார். "இன்னைக்கு என் வீடு, நாளைக்கு உங்க வீடு," என்றார். "தீபாவளிக்குள்ள தெருவுல ஒரு புல்லு இருக்கக் கூடாது. எல்லாத்தையும் வேரோட புடுங்கணும்." சிலர் தலையாட்டினார்கள். சாய்ந்த வீட்டைப் பார்த்த பயம் அவர்களுக்குள் இருந்தது. யூரியாக்காரர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

தேசிங்கு மனைவியைப் பார்த்தார். புல் போனால் வீடு போகும், வீடு போனால் ஓசூர் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அஞ்சலாட்சி எழுந்து, வகுப்பில் பின்வரிசைக்கும் கேட்கிற அதே குரலில், "தாராளமா புடுங்கலாம்," என்றாள். "வேரைப் புடுங்கினதும் வீடு எதுமேல நிக்கும்னு மட்டும் யாராவது சொல்லிட்டா, முதல் தூரை நானே புடுங்கறேன்."

ஒவ்வொருவரும் தன் வீட்டை அந்தரத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"பொத்துனு உக்காரும்," என்றாள் ஜெயசீலி கடைசியில். "நான் புடுங்க மாட்டேம்மா. என் மிஷின் இப்பத்தான் நாலு படி மேல இருக்கு."

யூரியாக்காரர் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். கூட்டம் ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தது. கலையும்போது பூவராகன் தேசிங்கின் காதில், "இன்னும் மழை வரலை சார். வந்த பிறகு பேசிக்கலாம்," என்றார்.

மழை தீபாவளிக்கு மறுநாள் வந்தது. காலையில் தூறலாகத் தொடங்கி, மதியத்துக்குள் வானமும் ஏரியும் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒன்றாகி, பிற்பகலில் ஏரி தன் பழைய எல்லையை நினைத்துக்கொண்டதுபோல எழுந்து நகருக்குள் நடந்து வந்தது. முன்பெல்லாம் வீடுகள் தாழ்ந்திருந்ததால் தண்ணீர் ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்கும். இப்போது தெருவிலேயே தாழ்ந்த இடம் ரோடுதான். வந்த வேகத்தில் தண்ணீர் ரோட்டை எடுத்துக்கொண்டது. அத்தனை வருஷமாகப் போட்ட அத்தனை ரோடுகளும் அதன் அடியில் போயின.

தேசிங்கு வாசக்காலில் நின்று, பழைய தொழிலின் குரலில் வீட்டுக்குள் அறிவித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாவது படி ஏறிடுச்சு... ரெண்டாவது படி... உள்ள போ, உள்ள போன்னு தள்ளுது அஞ்சலை... மூணாவது படி..."

அஞ்சலாட்சி உள்ளே சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அரிசி டின்னைத் தூக்கவில்லை. பிரிட்ஜைத் தூக்கவில்லை. தூக்கினால் தானே நம்பவில்லை என்றாகிவிடும். இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலாவது படி," என்றார் தேசிங்கு. இன்னும் ஒரு படிதான் மிச்சம். அவர் குரல் இறங்கிவிட்டது. "அஞ்சலை, வாசக்காலுக்கு ஒரு சாண்தான் இருக்கு."

"பேசாதீங்க. கேளுங்க."

தரைக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. முதலில் பாயில் அரிசி கொட்டுகிற சத்தம்போல, பிறகு பலபேர் சேர்ந்து மெல்லப் பேசுகிற சத்தம்போல. அஸ்திவாரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே நின்ற வேர்க்கூட்டத்துக்குள் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது; நுழைந்து, நூல்நூலாகப் பிரிந்து, முன்பக்கம் வந்த முரட்டுத்தனம் முழுவதையும் வேரிடம் விட்டுவிட்டு, குப்பையையும் சேற்றையும் விட்டுவிட்டு, பின்பக்கம் தெளிந்து வெளியேறி, தோட்டத்தைத் தாண்டி வாய்க்காலில் விழுந்து போயிற்று. தேசிங்கு வாசலில் குனிந்து பார்த்தபடியே இருந்தார். நான்காவது படியின் விளிம்பில் ஒரு வேப்பிலை சுழன்றது, சுழன்றுகொண்டே நின்றது, பிறகு கீழே இறங்கிச் சென்று வீட்டுக்கடியில் நுழைந்தது. அத்தனை பெரிய வெள்ளத்தில் வீடு வெட்டிவேர்ப் பானைபோல மணத்தது.

வெகுநேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். பாதத்தைத் தூக்கி அவளிடம் காட்டினார். காய்ந்திருந்தது.

அப்போது வாசலில், இடுப்பளவு தண்ணீரில், பூவராகன் பெருமாள் படத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பின்னால் அவர் தோளைப் பிடித்தபடி வேதவல்லி. அவர்கள் பூஜை அறை வாஸ்துப்படி ஈசானிய மூலையில் இருந்தது. தேசிங்கு படத்தை வாங்கிக்கொண்டு, கையை நீட்டி இருவரையும் ஒவ்வொருவராக மேலே இழுத்தார். அஞ்சலாட்சி துண்டு கொடுத்தாள். பெருமாளைப் பிரிட்ஜின் மேல் வைத்தாள்.

"தண்ணி ஈசானியத்துப் பக்கம் ஓடணும்னீங்களே," என்றாள் வேதவல்லி, புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே கணவரைப் பார்த்து. "ஓடுது. போய் நல்லாப் பாத்துட்டு வாங்க."

பூவராகன் தரையில் கையை வைத்துப் பார்த்தார். குனிந்து, உள்ளங்கையை ஒவ்வொரு இடமாக வைத்து வைத்துப் பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை. கீழே தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டார். தேசிங்கு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சார், தண்ணி வந்துச்சு. ஆனா உள்ள வரலை."

"தெரியுது சார்."

"அப்ப அந்த அடுக்குமாடிப் பேச்சு?"

"எந்த அடுக்குமாடி?" என்றார் பூவராகன், முகத்தைத் துண்டால் மூடித் துடைத்துக்கொண்டே.

அஞ்சலாட்சி சமையலறைக்குப் போனாள். பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, தீக்குச்சியை அணைக்க மறந்து, விரலைச் சுடும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் வடிந்த அன்று காலை வேதவல்லி தனியாக வந்தாள். "நாத்து குடுங்க டீச்சர். ஈசானியத்துல நானே வைக்கறேன். பாவம் எதுவாவது வந்தா என் பேர்ல வரட்டும்." ஆனால் அவள் நடும்போது, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் ஒரு சாணாக அளந்தது பூவராகன்தான். கன்னி மூலையில் அவரே வாரம் தவறாமல் புல்லை ஒட்ட நறுக்கி, கட்டுக் கட்டாக மாட்டுக்காரரிடம் கொடுத்தார். மேஸ்திரி கன்னியப்பன் டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, வேகமாக நிமிர்கிறதா மெதுவாக நிமிர்கிறதா என்று சொல்லிவந்தார். பொங்கல் முடிந்து சில நாளில் பூவராகன் வீட்டுச் சாம்பார் இலையின் நடுவில் நின்றது.

மாசியில் ரோடு போடுகிறவர்கள் வந்தார்கள். வழக்கம்போல ஜல்லி லாரி வந்தது, தார்ச் சட்டி புகைந்தது, உருளை வண்டி தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. அந்த வேலையின் சூப்பர்வைசர், இளைஞன், மஞ்சள் தொப்பிக்காரன், தெருவுக்குள் நடந்து வந்து நடுரோட்டில் நின்று இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்த்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் வாசல்கள் தலைக்குமேல் இருந்தன. படிகளில் ஆட்கள் உட்கார்ந்து அவனை வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது," என்றான் அஞ்சலாட்சியைப் பார்த்து, "போன தடவை வந்தப்போ இந்த வீடெல்லாம் பள்ளத்துல கெடந்துச்சே. யாரு தூக்கிக் குடுத்தது?"

"புல்லு," என்று ஜெயசீலி தன் படியிலிருந்து கத்தினாள்.

அவன் மதிலோரம் குனிந்து புல்லைப் பார்த்தான், அஸ்திவாரத்தைப் பார்த்தான், வேரைத் தொட்டு முகர்ந்தான். கெட்டிக்காரன், உடனே புரிந்துகொண்டான். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "அம்மா, எனக்கும் ஒரு நாலு கட்டு நாத்து குடுங்களேன். ரோட்டுக்கு ரெண்டு ஓரத்துலயும் வெச்சிட்டா, வருஷா வருஷம் ஜல்லியே கொட்ட வேணாம். ரோடு தானா ஏறிக்கும்!"

பூவராகன் மதிலுக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார். தேசிங்கு மனைவி பக்கம் திரும்பினார்.

"பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு போடுவீங்களா தம்பி?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"அதுக்கு ஆர்டர் இல்லம்மா."

"அப்ப நாத்தும் இல்ல." அவள் தன் படியின் உச்சியில் வசதியாக உட்கார்ந்தாள். "ஜல்லியைக் கொட்டுறதுன்னா கொட்டிக்கோங்க, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். வெயில் ஏறுது. காபி குடிக்கறதா இருந்தா மேல வாங்க."

அவன் அவளையும், தார்ச் சட்டியையும், எண்ண முடியாத அந்தப் படிகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தார் ஒட்டிய பூட்ஸைக் கழற்றி ரோட்டிலேயே வைத்துவிட்டு, ஏறத் தொடங்கினான்.